கழுவினாலும் போகாத மஞ்சள்

சன்யாசம்மாவுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் அவள் குடும்பம் நடத்துவாள் என்று நினைத்தார்களோ இல்லையோ, தெரியாது. தெலுங்கு பேசுகிற விஜயநகரம் பக்கத்து ஊர்களில் அதையெல்லாம் யாரும் யோசிப்பதில்லை. சாமிக்கு நேர்ந்துகொண்டு பிறந்தால் ஆணுக்குச் சன்யாசி, பெண்ணுக்குச் சன்யாசம்மா. பிறகு அவரவர் கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, சண்டை போட்டுக் காலம் தள்ளுவார்கள். இவளும் அப்படித்தான் நீலம்வலசைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். வரும்போதே கழுத்தில் இன்னொருத்தியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தாள்.

இரண்டாம் தாரமாக வருகிறவள் செத்துப்போன மூத்தவளின் உருவத்தைக் கழுத்தில் கட்டிக்கொள்வது அங்கே வழக்கம். புளியங்கொட்டை அளவில் ஒரு வெள்ளித் தகடு, அதில் கைகூப்பி நிற்கிற ஒரு பெண். தாலிக்குப் பக்கத்திலேயே தொங்கும். புதுப் புடவை வந்தால் முதலில் அந்தத் தகட்டுக்குக் காட்டிவிட்டுத்தான் இவள் உடுத்தலாம். பூ வாங்கினால் முதல் பூ அவளுக்கு. மறந்தால் மூத்தவள் கோபித்துக்கொள்வாள், புருஷன் மேலோ பிள்ளை மேலோ கை வைத்துவிடுவாள் என்று பயம். உயிரோடு இருக்கிற சக்களத்தியென்றால் குழாயடியில் குடுமிப்பிடிச் சண்டையாவது போடலாம். செத்துப்போனவளோடு எங்கே போய்ச் சண்டை போடுவது?

சன்யாசம்மா சண்டை போடவில்லை. அவள் பிறந்த வீட்டில் நான்கு பெண்கள், இவள் மூன்றாவது. யாரோடாவது பங்கு போட்டுக்கொண்டே வளர்ந்தவள். அந்தத் தகட்டை ‘அக்கா’ என்றே கூப்பிட்டாள். அடுப்படியில் தனியாக இருக்கும்போது, "அக்கா, உப்புப் போட்டேனா இல்லையா, நீ பாத்தியா?" என்று கேட்பாள். பதில் வராது. அது ஒன்றும் புதிதில்லை, அந்த வீட்டில் உயிரோடு இருந்தவர்களும் அவ்வளவாகப் பதில் சொல்கிறவர்கள் இல்லை.

புருஷன் அப்பலசாமி சரக்கு ஆட்டோ ஓட்டினான். கத்திரிக்காயும் மாங்காயும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் டவுன் சந்தைக்குப் போவான், மத்தியானம் வந்து பழைய சோற்றில் ஆவக்காயைப் பிசைந்து தின்றுவிட்டுப் படுப்பான். கெட்டவன் இல்லை. ஆனால் பேசிக்கொண்டே இருக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டு வேறு எங்கோ பார்ப்பான். மாமியார் நூக்காலம்மாவோ நாள் முழுக்கப் பேசுவாள். எருமையோடு பேசுவாள், முருங்கை மரத்தோடு பேசுவாள். மூத்த மருமகள் எப்படிச் செத்தாள் என்று கேட்டால் மட்டும் எழுந்து போய்விடுவாள்.

மூத்தவள் பெயர் தவிட்டம்மா. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காததால் இவளைப் பெற்றதும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, ஒரு முறம் தவிட்டுக்குத் திரும்ப வாங்கினார்கள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையை எமன் சீந்தமாட்டான் என்று நம்பிக்கை. இருபத்திரண்டு வயது வரைக்கும் எமனும் ஏமாந்துதான் இருந்தான். எட்டு மாதப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு அவள் செத்தாள். காய்ச்சல் என்றார்கள், காற்று சேஷ்டை என்றார்கள்.

அவள் செத்ததைவிட, செத்தபிறகு நடந்ததுதான் ஊரில் பெரிய பேச்சு. குளிப்பாட்டிய பெண்கள் அவள் முகத்து மஞ்சளைக் கழுவக் கழுவ அது போகவே இல்லையாம். சீயக்காய் போட்டுத் தேய்த்தார்கள், போகவில்லை. கழுத்தில் பார்த்தால் அங்கேயும் மஞ்சள். நெஞ்சில், உள்ளங்கையில், எங்கும் மஞ்சள். மகா சுமங்கலி, தன் மஞ்சளைத் தன்னோடு கொண்டுபோகிறாள் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். மஞ்சள் குங்குமத்தோடு போய்த் தெய்வமானவளை அங்கே பேரண்டாளு என்பார்கள். தவிட்டம்மா பேரண்டாளு ஆனாள். வெள்ளிக்கிழமைதோறும் நான்கைந்து பெண்கள் வந்து, கூடத்தில் மாட்டியிருந்த அவள் படத்துக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துவிட்டுப் போவார்கள். வாராவாரம் பூசிப் பூசிக் கண்ணாடி மேல் மஞ்சள் ஏடு படிந்து, உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. சன்யாசம்மா அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தன் மூத்தாளின் முகத்தைப் பார்த்ததே இல்லை.

அப்படியிருக்க, அந்த முகம் தன் மேலேயே வந்து உட்காரும் என்று அவள் எப்படி எதிர்பார்ப்பாள்?

அவளுக்கு ஐந்தாம் மாதம். இரண்டு கன்னத்திலும் எலும்பு மேட்டின் மேல், டீ சிந்தித் துடைக்காமல் விட்டதுபோல் ஒரு பழுப்பு. முதலில் அடுப்புக் கரி என்று தேய்த்தாள். அடுத்த வாரம் மூக்குத் தண்டில் ஏறியது. பிறகு மேலுதட்டில் மெல்லிய மீசைபோல் படர்ந்தது. மங்கு. பார்க்காத மங்கா? அவள் அம்மாவுக்கு இருந்தது, பெரியம்மாவுக்கு இருந்தது. அழகு கொஞ்சம் போச்சே என்று கண்ணாடி முன்னால் ஒரு நாள் அழுதாள், அவ்வளவுதான்.

குழாயடிக்குப் போன அன்றைக்குத்தான் விஷயம் வேறு என்று தெரிந்தது. பக்கத்து வீட்டு ராமுலம்மா இவளை ஏறிட்டுப் பார்த்தவள், நிரம்பிய குடத்தை அப்படியே விட்டுவிட்டாள். தண்ணீர் வழிந்து காலை நனைத்தது.

"என்ன அக்கா, பேயைப் பாத்த மாதிரி நிக்கிற?" என்று சிரித்தாள் சன்யாசம்மா.

ராமுலம்மா சிரிக்கவில்லை. "தவிட்டம்மாவுக்கும் அஞ்சாம் மாசந்தான் வந்துச்சு" என்றாள். "இதே எடம். இதே மாதிரி மூக்கு மேல ஏறி, உதட்டுக்கு இறங்கி... அச்சு அசல் அவளேதான்டி."

வரிசையில் நின்ற மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். ஒருத்தி முகவாயைத் தொட்டு வெளிச்சத்துக்குத் திருப்பினாள். யாரும் கேலி பேசவில்லை. குழாயடியில் யாரும் கேலி பேசாத நாள் நல்ல நாளாக இருக்க முடியாது. இவள் குடத்தை அவர்களே நிரப்பி இடுப்பில் வைத்து, வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

அன்று மத்தியானம் அப்பலசாமிக்குச் சோறு போட்டாள். வாசல் வெளிச்சம் அவள் முகத்தில் நேராக விழுந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. "நல்லா இல்லையா?" என்று கேட்டாள். அவன் கையை உதறிக்கொண்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசினால் அவள் தோளைப் பார்த்துப் பேசினான், காலைப் பார்த்துப் பேசினான். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

நூக்காலம்மா மறுநாள் காலையிலேயே பச்சை மஞ்சள் கிழங்கை உரசிக் கிண்ணத்தில் வழித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"உக்காருடி."

"எதுக்கு அத்த இவ்வளவு?"

"செத்தவளுக்கு அவ முகம் மேல ஆசை போகாது. ஊர்ல சுத்திக்கிட்டு இருக்கும்போது உன்மேல அவ முகத்தைப் பாத்தான்னு வை, என்னதுன்னு எடுத்துக்க வந்துடுவா. முகத்தை மட்டும் எடுக்க முடியுமா? ஆளையே எடுத்துக்குவா. அடையாளம் தெரியாம மூடணும்."

மூடினாள். நெற்றியிலிருந்து கழுத்துவரை, சுவருக்குச் சாந்து பூசுவதுபோல் பூசினாள். காலையில் ஒரு தரம், விளக்கு வைக்கும் முன்னால் ஒரு தரம். காய்ந்தால் தோல் இழுத்துப் பிடிக்கும், சிரித்தால் விரிசல் விடும். வெளியே போனால் முந்தானையை மூக்குவரை இழுத்துவிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாதாமாதம் போய்க்கொண்டிருந்தாள், அதையும் நூக்காலம்மா நிறுத்தினாள். "மங்கு போகட்டும், அப்புறம் போலாம். இந்த மூஞ்சியோட நாலு பேர் முன்னாடி நிக்க வேணாம்."

"அக்காவுக்கும் இப்படித்தான் பூசினியா அத்த?"

நூக்காலம்மாவின் கை கன்னத்திலேயே நின்றது. "அவ செவசெவன்னு இருப்பா. ஊரே அவ முகத்தைத்தான் பேசும். அந்த முகத்துல கறை விழுந்தா எனக்கு மனசு கேக்குமா? நானேதான் பூசிவிட்டேன், ரெண்டு வேளையும்" என்றாள். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தவிட்டம்மாவைப் பற்றி அவள் வாயிலிருந்து சன்யாசம்மா கேட்ட முதல் செய்தி அதுதான்.

ஆறாம் மாதம் போயிற்று. மஞ்சளுக்கு அடியில் மங்கு இன்னும் கறுத்தது. சன்யாசம்மாவுக்கு இப்போது கண்ணாடி பார்க்கப் பயம். கிணற்றில் எட்டிப் பார்க்கப் பயம். கழுத்துத் தகட்டோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், ஏனென்றால் ஒரு நாள் பதில் வந்துவிடும் என்று தோன்றியது. வீட்டில் எல்லாரும் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். நூக்காலம்மா எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, "தவிட்டீ, அந்தக் கயிறை எடு" என்பாள். சொன்னது தெரியாமலே மேலே பேசிக்கொண்டு போவாள். சன்யாசம்மா கயிற்றை எடுத்துக் கொடுப்பாள். அப்படிக் கொடுத்துவிட்டோமே என்று பிறகுதான் உறைக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை ராமுலம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கல்யாணமாகி நெடுநாளாகியும் பிள்ளை இல்லாத பெண். படத்துக்கு மஞ்சள் பூசியவர்கள் நேரே அடுப்படிக்கு வந்து, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த சன்யாசம்மாவின் காலில் விழுந்தார்கள்.

"ஐயோ, என்ன அக்கா இது! எந்திரி!"

"நீ யாருன்னு எனக்குத் தெரியும் தாயி" என்றாள் ராமுலம்மா, கண்ணில் நீர் வழிய. "போறதுக்குள்ள இவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

போறதுக்குள்ள. அந்த ஒரு சொல்லில் சன்யாசம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எட்டாம் மாதத்தில் இவள் போய்விடுவாள் என்று ஊரே முடிவு கட்டி வைத்திருக்கிறது. யாருக்கும் அவள்மேல் பகை இல்லை. துக்கத்தோடும் பக்தியோடும் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பகைவனென்றால் கம்பை எடுத்துக்கொண்டு ஓடலாம். கும்பிடுகிறவர்களிடமிருந்து எங்கே ஓடுவது? அன்றைக்கு அவள் கீரையை அப்படியே விட்டுவிட்டு மாட்டுக் கொட்டகையில் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்குச் சாக வேண்டாம், எனக்குச் சாக வேண்டாம் என்று எருமையிடம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த அப்பலசாமி வாசலில் நின்று அதைக் கேட்டான். உள்ளே வரவில்லை. மறுநாள் காலை நூக்காலம்மா புல்லறுக்கப் போன நேரம் பார்த்து, "ஏறு" என்றான். மாங்காய்க் கூடைகளுக்கு நடுவில் சாக்கை மடித்துப் போட்டிருந்தான். அவள் ஏறி உட்கார்ந்தாள். அவன் ஓட்டிக்கொண்டே, முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான்.

"அவளை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல. அம்மா வேணாம்னுச்சு, நானும் சரின்னுட்டேன்."

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்று கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். நர்ஸ் சுவார்த்தம்மா ஐம்பது வயதுக்காரி, வாய் நீளம். முந்தானை விலகியதும் ஒரு அதட்டல் போட்டாள்.

"இது என்னடி, அம்மன் புறப்பாடா? போய்க் கழுவிட்டு வா முதல்ல!"

"மங்கும்மா. அதான்..."

"மங்குன்னா? மங்கை மூடினா மிச்சத்தை நான் எப்படிப் பாக்கறது? ரத்தம் இருக்கா வெளுத்திருக்கான்னு முகத்தைப் பாத்துச் சொல்லுவேன். காமாலை இருந்தா முகத்துல தெரியும். மஞ்ச மேல மஞ்ச பூசிட்டு வந்து நின்னா நான் என்ன ஜோசியமா பாப்பேன்?"

சன்யாசம்மா குழாயடியில் குனிந்து கழுவினாள். மஞ்சள் தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடியது. திரும்பி வந்ததும் நர்ஸ் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், நகத்தை அமுக்கினாள், வயிற்றில் குழல் வைத்துக் கேட்டாள்.

"பிள்ளை நல்லா ஓடியாடுது. நீயும் நல்லாத்தான் இருக்க, ரத்தம் கொஞ்சம் கம்மி. மாத்திரை தரேன்."

"இந்த மங்கு... இதனால உசுருக்கு ஒண்ணும் ஆகாதாம்மா?"

"மங்கு வந்து செத்தவளை நான் பாத்ததில்ல. வயித்துல பிள்ளை இருந்தா நிறைய பேருக்கு வரும். வெயில் பட்டா கறுக்கும், அதுக்கு முந்தானை போட்டுக்கோ. பெத்தப்புறம் மெதுவா மங்கும், சிலருக்குக் கொஞ்சம் நின்னுடும். நின்னா நிக்கட்டுமே, அதுக்குன்னு மருந்துக் கடையில கண்ட டியூபை வாங்கித் தேய்க்காத." சீட்டை எழுதிக்கொண்டே சொன்னாள். "பயப்பட வேண்டியது காமாலைக்கு. மழைக்காலத்துல தண்ணி கெடும்போது வரும். கர்ப்பிணிக்கு வந்தா பொல்லாதது, ஆளைச் சட்டுனு கொண்டுபோயிடும். சாப்பாடு வேண்டியிருக்காது, உடம்பு அரிக்கும், ஒண்ணுக்கு டிகாஷன் மாதிரி போகும், கண்ணு உடம்பெல்லாம் மஞ்சளாகும். அப்படி ஏதாவது இருந்தா அன்னிக்கே ஓடி வரணும்."

உடம்பெல்லாம் மஞ்சளாகும்.

சன்யாசம்மா சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வேப்ப மரத்தடியில் ஆட்டோ நின்றது. ஏறி உட்கார்ந்தாள். ஊர் எல்லை வந்ததும் கேட்டாள்.

"மாமா, அக்காவுக்கு உடம்பு அரிச்சுதா?"

"சொறிஞ்சுக்கிட்டே இருப்பா. மஞ்ச காய்ஞ்சு அரிக்குதுன்னு அம்மா சொல்லுச்சு."

"ஒண்ணுக்கு?"

அவன் வண்டியை மெதுவாக்கினான். "ஒரு நாள் சொன்னா, டிகாஷன் மாதிரி போகுது மாமான்னு. அப்போ பாலைக் கலக்கி எனக்கும் ஒரு கிளாஸ் குடுன்னு சொல்லிச் சிரிச்சேன்." கொஞ்ச தூரம் போனபின், "ஏன் கேக்கற?" என்றான்.

அவள் நர்ஸ் சொன்னதைச் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவன் ஆட்டோவை ஓரமாக நிறுத்தினான். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

"கண்ணு மஞ்சளா இருந்திருக்குமே, நீ பாக்கலியா?" என்று அவள் கேட்டாள். குற்றம் சாட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"கண்ணைத் தொறக்கல கடைசில. வெளிச்சம் கூசுதுன்னு இருட்டறையில முக்காடு போட்டுப் படுத்துட்டா. மஞ்சளோடயே படுத்திருந்தா." முதல்முறையாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். கழுவிய முகம், மங்கு பளிச்சென்று தெரிந்தது. அவன் அதை முழுதாகப் பார்த்தான். "அம்மாகிட்ட சொல்லிடாத, சன்யாசம்மா. அந்தக் கையாலதான் பூசிச்சு. தெரிஞ்சா செத்துப்போயிடும்."

சரி என்றாள். சொல்வது எளிது. அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் தலைவலி என்று முக்காடு போட்டுப் படுத்துத் தப்பித்தாள். மறுநாள் காலை துவைக்கிற கல்லில் அவள் உட்கார்ந்திருக்க, எதிரே கிண்ணத்தோடு நூக்காலம்மா வந்து நிற்கும்போது என்ன செய்வது? பூசவிட்டால் மறுபடியும் முகமில்லாதவள் ஆவாள். எட்டாம் மாதம் வரப்போகிறது. பூசவேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். கிழவியைக் கொன்று தான் பிழைப்பதா? இரவெல்லாம் புரண்டும் அவளுக்கு வழி தெரியவில்லை.

"நேத்து யாரு கழுவினா?" விடிந்ததும் கிண்ணத்தோடு வந்து நின்ற நூக்காலம்மா பதறினாள். "வெறும் மூஞ்சியோட எங்கடி போன? அவ பாத்திருந்தா?"

"பாக்கட்டும் அத்த."

"வாயைக் கழுவு! காட்டு முகத்தை." மஞ்சள் தோய்ந்த விரல்கள் முகத்துக்கு வந்தன. சன்யாசம்மா அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். முரட்டுத்தனமாக இல்லை, குழந்தை கையைப் பிடிப்பதுபோல்தான்.

"பூசு அத்த, நான் வேணாங்கல. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தடவ என் கண்ணைப் பாரு."

"கண்ணுல என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மா பாரு." தானே விரலால் கீழிமையை இழுத்துக் காட்டினாள், நர்ஸ் செய்ததுபோல்.

நூக்காலம்மா குனிந்து பார்த்தாள். அப்படியே நின்றாள். கிண்ணம் கையிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்து உருண்டது. மஞ்சள் அவள் கால் மேலும் புடவை மேலும் தெறித்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"வெள்ளையா இருக்கு" என்றாள். "உனக்கு வெள்ளையா இருக்குடி."

"ஆமா அத்த."

"அவளுக்கு இல்ல." நூக்காலம்மா ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "குளிப்பாட்டும்போது இமை கொஞ்சம் தொறந்திருந்துச்சு. மூடலாம்னு கை வெச்சேன். உள்ள மஞ்ச. கண்ணுக்குள்ள யாருடி மஞ்ச பூசுவா? எனக்குத் தெரியாதா, என் கை எதுவரைக்கும் பூசுச்சுன்னு? காமாலைன்னு அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு. வாயைத் தொறக்கறதுக்குள்ள ராமுலம்மா ‘தாயி, கழுவினாலும் போகலியே, இவ பேரண்டாளு’ன்னு கும்பிட்டா. எல்லாரும் கும்பிட்டாங்க." அவள் தன் மஞ்சள் கையைப் பார்த்தாள். "நானும் கும்பிட்டுட்டேன். கும்பிடக் கும்பிட நானே அதை நம்பிட்டேன்."

சன்யாசம்மாவுக்கு அவள்மேல் கோபம் வந்ததா, இரக்கம் வந்ததா என்று கேட்டால் இரண்டும் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இத்தனை நாளும் அந்த வீட்டில் ஆவி இருந்தது உண்மைதான். ஆனால் அது தவிட்டம்மாவுடையது இல்லை. மருமகளைத் தெய்வமாக்கித் தன் வாயை அடைத்துக்கொண்டு, வாராவாரம் அவள் முகத்தின்மேல் மஞ்சள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்த இந்த மனுஷியின் நெஞ்சுதான் அந்த வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. சன்யாசம்மா கல்லிலிருந்து மெல்ல இறங்கி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு செம்பு தண்ணீர் எடுத்து அந்தக் கையைக் கழுவிவிட்டாள். மஞ்சள் போயிற்று. நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் நின்றது.

எட்டாம் மாதம் வந்தது. தினமும் விடிந்ததும் நூக்காலம்மா மருமகளை முற்றத்து வெளிச்சத்துக்கு இழுத்து வருவாள். "கண்ணைக் காட்டு" என்பாள். இமையை இழுத்து, மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். பார்வை மங்கிய கிழவி, சட்டென்று தெரியாது. ஒரு கண்ணைப் பார்த்துவிட்டு மறு கண்ணைப் பார்ப்பாள். "வெள்ளைதான்" என்ற பிறகுதான் இருவரும் மூச்சு விடுவார்கள். சன்யாசம்மா ஒரு நாளும் சலித்துக்கொள்ளவில்லை. பயம் அவளையும் விட்டுப் போய்விடவில்லை. கழுத்துத் தகட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீயும் பாத்துக்கோ" என்பாள்.

பெண் பிறந்தது. ஊரார் வந்து பார்த்தார்கள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு என்றே சொல்லலாம். தெய்வம் போகாமல் தங்கிவிட்டதே. மங்கு பாதி போயிற்று, பாதி கன்னத்திலேயே குடியிருந்துவிட்டது. சன்யாசம்மா முந்தானையை வெயிலுக்கு மட்டும் போட்டாள், மனிதருக்குப் போடவில்லை. குழாயடியில் மறுபடியும் அவளைக் கேலி செய்யத் தொடங்கினார்கள். "வர்றாடி மீசைக்காரி" என்பார்கள். அவளுக்கு அதைக் கேட்டால் காது குளிரும். செத்தவளை யாரும் கேலி செய்வதில்லை அல்லவா?

குழந்தைக்குத் தலைநிற்கும் பருவத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ராமுலம்மா வழக்கம்போல் மஞ்சள் கிண்ணத்தோடு கூடத்துக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். படத்தின் கண்ணாடி துடைத்துப் பளபளவென்று இருந்தது. ஏடு ஏடாகப் படிந்த மஞ்சளை நூக்காலம்மா விடிகாலையிலேயே வெந்நீரில் துணியை நனைத்துச் சுரண்டி எடுத்திருந்தாள். உள்ளே தவிட்டம்மா. மங்கு வந்த புதிதில், அதைப் பற்றிக் கவலையே இல்லாமல், அப்பலசாமியின் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிற படம். இரண்டு கன்னத்திலும் பழுப்பு, மூக்கில் பழுப்பு. மற்றபடி அவள் சாயல் சன்யாசம்மாவிடம் கொஞ்சமும் இல்லை. இவளுடையது நீள முகம், அவளுடையது வட்டம். பல் லேசாகத் தூக்கியிருந்தது. சன்யாசம்மா இடுப்பில் குழந்தையோடு நின்று, மூத்தாளை முதன்முதலாகப் பார்த்தாள். இவ்வளவு சின்னப் பெண்ணா என்றுதான் முதலில் தோன்றியது.

ராமுலம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. தாயின் முகம் வெறுமனே கிடக்கிறதே என்று பதறி, விரலில் மஞ்சளைத் தோய்த்துக்கொண்டு படத்தை நோக்கிப் போனாள்.

"பொட்டு வை, பூ வை, என்ன வேணா வை" என்றாள் நூக்காலம்மா. படத்துக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றாள். "முகத்தை மூடாதடி. நான் பாக்கணும்."